மூன்றாம் நம்பர் ஜெர்சி

எங்கள் லீக்கில் எல்லாரையும் புரட்டி எடுத்துக்கொண்டிருந்த அந்த டீமோடு சனிக்கிழமை ஆட்டம் என்றால், எங்களுக்குத் திங்கட்கிழமையிலிருந்தே அதே பேச்சாக இருக்கும். அவர்கள் ஏர்கோன் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒரே நிறப் பை, ஒரே நிறச் செருப்பு, தண்ணீர் கொடுக்க ஒருவர், காலுக்குக் கட்டுப்போட இன்னொருவர். நாங்கள் தெப்ராவ் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடித்து, பாதிப் பேர் கம்பெனிச் சட்டையோடு, மோட்டார் சைக்கிளிலும் ஓட்டை வேனிலும் வந்து சேருவோம். யாராவது ஒருவன் பூட்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பான். போட்டிக்கு முன்பே பாதி தோற்ற மாதிரி இருக்கும். ஆனாலும் அந்த ஒரு வாரம் மாதிரி சந்தோஷமான வாரங்கள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

என்னை ரக்பிக்கு இழுத்துக்கொண்டு போனவன் அண்ணன். காஹாங் தோட்டத்தில் பிறந்த நாங்கள் இரண்டு பேரும் வேலைக்காக ஜோகூர் பாருவுக்கு வந்தவர்கள். அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். நான் அதே சாலையில் வேறு ஒரு தொழிற்சாலையில் ஸ்டோரில் இருந்தேன். அவனுக்குக் கல்யாணமான பிறகும் நான் அவன் வீட்டிலேயே சாப்பிட்டு, அவன் வீட்டிலேயே தூங்கினேன். அண்ணி ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. சொந்தக்காரர்கள் யாராவது, "தமிழ்ப் பிள்ளைங்களுக்கு எதுக்குப்பா இந்த ரக்பி?" என்று கேட்டால் அண்ணன், "ஏன், பந்து உருண்டையா இருந்தாதான் நாங்க தொடணுமா?" என்பான்.

ஸ்க்ரம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளைக் கோத்துக் குனிந்து, எதிராளியின் தோளுக்கு நடுவில் தலையைச் செருகிக்கொண்டு, உள்ளே போடும் பந்துக்காகத் தள்ள வேண்டும். முன்வரிசையில் மூன்று பேர். அத்தனை பேரின் பாரமும் அந்த மூன்று கழுத்துகளில்தான் வந்து இறங்கும். எங்கள் முன்வரிசையில் ஒன்றாம் நம்பர், பண்டார் தெங்காரா பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றும் ஒரு மலாய் நண்பன். மூன்றாம் நம்பர் அண்ணன். நடுவில் இரண்டு பேர் தோளிலும் கை போட்டுத் தொங்கிக்கொண்டிருந்த இரண்டாம் நம்பர் நான்.

எங்கள் டீமுக்கு ஓட்டமும் கிடையாது, உதையும் கிடையாது. இருந்தது அந்தத் தள்ளு மட்டும்தான். அந்த வருடம் முதல் சுற்றில் அவர்கள் திடலில் தோற்றுத்தான் வந்தோம். ஆனால் ஸ்க்ரம்மில் மூன்று தடவை அவர்களை அப்படியே பின்னால் நகர்த்தினோம். அண்ணன் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அண்ணியிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். "அவனுங்க பூட்ஸ் புல்லுல கோடு போட்டுக்கிட்டே பின்னால போச்சு, தெரியுமா? கோடு!" சோறு ஆறிப் போனதுதான் மிச்சம்.

ஆகவே, எங்கள் திடலில் நடக்கப்போகும் இரண்டாவது ஆட்டத்துக்காக அண்ணன் காத்திருந்தான். முப்பத்தாறு வயது. இதுதான் கடைசி வருடம் என்று அண்ணிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இத்தனை வருடத்தில் அந்த டீமை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. "ஒரே ஒரு தடவைடா. அப்புறம் வீட்ல உக்காந்து செடிக்குத் தண்ணி ஊத்துறேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தான். அவன் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்பதும் உண்மை. முன்வரிசைக்குப் பழகாத ஆளை அங்கே நிறுத்தக் கூடாது, கழுத்து ஒடிந்துவிடும். மூன்று பேரில் ஒருவர் குறைந்து மாற்று ஆளும் இல்லையென்றால், ரெஃப்ரி ஸ்க்ரம்மில் தள்ளக் கூடாது என்று சொல்லிவிடுவார். சும்மா சாய்ந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். எங்கள் மாற்று ஆள் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போனவன், அதற்குப் பிறகு திடல் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பயிற்சி. மழை விட்டு, திடலில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நாலாவது ஸ்க்ரம்மில் எதிரே நின்றவன் சட்டையைப் பிடித்திருந்த அண்ணனின் கை திடீரென்று நழுவியது. வழுக்கவில்லை. பிடியே இல்லாமல் போனது. எழுந்து பார்த்தேன். வலது கையை உதறிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். நான் பார்த்தேன். "வேர்வைடா" என்றான்.

மறுநாள் காலை அண்ணன் வேலைக்குப் போகவில்லை. வயிற்று வலி, கிளினிக்கில் எம்சி என்கிற லீவுச் சீட்டு வாங்கப் போகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, என்னை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டான். திரும்பும்போது டீ குடிக்க ரோட்டோர ஒட்டுக்கடையில் நிறுத்தினோம். தே தாரிக் கிளாஸை வலது கையால் தூக்கப் போனவன், பாதியில் வைத்துவிட்டு இடது கைக்கு மாற்றினான். அப்புறம் தானாகவே சொன்னான்.

"கழுத்துல நரம்பு நசுங்குதாம். பெரிய ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுக்கணும்னு கடிதம் குடுத்துருக்காரு. அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, பந்து விளையாடக் கூடாதுன்னாரு."

"அப்ப சனிக்கிழமை?"

"சனிக்கிழமை முடியட்டும். திங்கக்கிழமை போய் ஸ்கேன் எடுக்குறேன்."

"அண்ணே, விளையாட்டா இது? கழுத்துண்ணே."

"ஒரு ஆட்டம்டா. எத்தன ஸ்க்ரம் வரப்போவுது?" என்றவன், காடியில் ஏறியதும் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்ன மாதா சொரூபத்தைக் காட்டினான். "கைய வை. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு."

நான் பண்ணினேன். ஏன் பண்ணினேன் என்று இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வரும். அவன் சொல்லி நான் மாட்டேன் என்று சொன்ன பழக்கமே கிடையாது. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் அந்த ஆட்டம் வேண்டும் போலத்தான் இருந்தது.

அந்த வாரம் ஜெர்சி துவைக்கும் முறை எனக்கு. எங்கள் டீமில் அது ஒரு வழக்கம். மொத்த ஜெர்சிகளையும் ஒரு பெரிய பையில் போட்டு முறை வைத்து ஒவ்வொருவன் வீட்டுக்கும் அனுப்புவார்கள். துவைத்தவன்தான் ஆட்டத்தன்று ஒவ்வொருவருக்கும் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். துணியெல்லாம் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் கயிறு கட்டிக் காயும்போது பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி அண்ணியிடம் எத்தனை மகன்கள் என்று கேட்டுச் சிரிப்பார்.

வெள்ளிக்கிழமை காய்ந்த ஜெர்சிகளை மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை தோன்றியது. எங்கள் கோச், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மலாய்க்காரர். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஜெர்சி இல்லையா, ஆட்டம் இல்லை. யாருக்காகவும் அதை மாற்றியதில்லை. மூன்றாம் நம்பர் மட்டும் பைக்குள் போகாவிட்டால்? நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சத்தியமும் சத்தியமாக இருக்கும், அண்ணன் கழுத்தும் கழுத்தாக இருக்கும். மாதாவையே ஏமாற்றப் பார்த்த புத்திசாலி நான். மூன்றாம் நம்பரை எடுத்து, அண்ணி இஸ்திரி போட வைத்திருந்த துணிக் குவியலுக்கு அடியில் செருகினேன். அன்று தூங்கவே இல்லை.

சனிக்கிழமை அவர்களுடைய பஸ் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தது. நான் பையைத் திறந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். மூன்று வரவில்லை. பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடுவது போல நடித்தேன். நடிப்பு நன்றாகவே இருந்ததாக நினைத்தேன். கோச் பக்கத்தில் வந்து நின்றார். பஸ்ஸைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "அலமாக்! இன்னிக்கி மட்டும்" என்று மலாயில் சொல்லிவிட்டு, மாற்று ஜெர்சி ஒன்றை எடுத்து முதுகில் கறுப்பு டேப்பால் பெரிதாக மூன்று என்று ஒட்டினார். பத்து வருடமாக மாறாத சட்டம், எனக்காகவே காத்திருந்த மாதிரி அன்றைக்கு மாறியது. அண்ணன் என் காதருகே வந்து, "நல்ல ஐடியாடா" என்றான். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. என் மூஞ்சியைப் பார்த்தாலே அவனுக்குத் தெரிந்துவிடும்.

உடம்பைச் சூடாக்க இரண்டு ஸ்க்ரம் போட்டோம். இரண்டாவதில் அவன் கை மறுபடியும் செத்துப் போனது. இந்தத் தடவை திரும்ப வரவும் இல்லை. சும்மா தொங்கியது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல் கோட்டுக்கு வெளியே நடந்தான். நானும் கூடவே போனேன்.

அப்போது அண்ணி மோட்டாரில் வந்து நின்றார். தூறலில் நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையில் மூன்றாம் நம்பர் ஜெர்சி. இஸ்திரி போட்டு, கடையில் வாங்கியது மாதிரி மடித்திருந்தார். "நல்லா இருக்கே கத, ரெண்டு பேரும் இத விட்டுட்டு வந்துட்டீங்க. துணிக்கு அடியில கெடந்துச்சு. இந்தாங்க, போடுங்க" என்று நீட்டினார். கணவனுடைய கடைசி வருடத்துப் பெரிய ஆட்டம், அதற்கு அவன் சட்டை இல்லாமல் போய்விடக் கூடாது என்று அத்தனை தூரம் வந்திருக்கிறார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அண்ணன் இடது கையை நீட்டினான்.

எங்கள் வீட்டில் ரொட்டி விற்க வருகிறவருக்குக்கூட இடது கையால் காசு கொடுக்க அண்ணி விடமாட்டார். ஆனால் அன்றைக்கு ஆட்ட அவசரம், கூட்டம், தூறல். அவர் கவனிக்கவில்லை. பை கைமாறப் போனது. இன்னும் ஒரு நொடியில் அவன் அதை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பான்.

"வலது கையால வாங்குண்ணே" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் என்னை எத்தனையோ தடவை அடித்திருக்கிறான். அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. அண்ணி பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "ஆமாங்க, நல்ல காரியத்துக்குப் போறப்ப என்ன எடது கை?" என்று சிரித்தார். அவன் வலது கையைத் தூக்கினான். இடுப்புக்கு மேல் வரவில்லை. விரலில் அண்ணி வைத்த பை அப்படியே நழுவிப் புல்லில் விழுந்தது.

அண்ணி அதைக் குனிந்து எடுக்கவில்லை. "எத்தன நாளா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன்தான், "செவ்வாக்கெழமலருந்து" என்றான். பிறகு கோச்சைக் கூப்பிட அவனே நடந்து போனான்.

ரெஃப்ரி தள்ளக் கூடாது என்றார். பூட்ஸ் கோடு போடவே இல்லை. பிறகு என்ன, அவர்கள் ஓடினார்கள், நாங்கள் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடினோம். எத்தனை வாங்கினோம் என்று எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன். அண்ணன் கடைசி வரைக்கும் கோட்டோரம் ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தான். அண்ணி பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது விளையாடினீர்கள் என்று கேட்டிருக்கிறார். சனிக்கிழமை விளையாட இருந்தேன், விளையாடவில்லை என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அவர் அண்ணியைத்தான் பார்த்தாராம். பிறகு ஆபரேஷன், கழுத்துப் பட்டை, ஃபோர்க்லிஃப்ட்டை விட்டு ஆபீஸ் வேலை. இரண்டு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "அவன்கிட்ட உப்ப நகத்தச் சொல்லு" என்று அண்ணியிடம் சொல்வான்.

பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. வருகிற சனிக்கிழமை அதே டீம் எங்கள் திடலுக்கு வருகிறது. இன்றைய பையன்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள், ஜெயித்தாலும் ஜெயிப்பார்கள். நானும் அண்ணனும் நாற்காலி தூக்கிக்கொண்டு போவோம். முதல் ஸ்க்ரம் போட்டதும் அவன் பக்கத்தில் இருக்கிறவரிடம் ஆரம்பித்துவிடுவான், எனக்கும் கேட்கும்படி: "அன்னிக்கி இவன் மட்டும் வாயத் தொறக்காம இருந்திருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம்." ஒவ்வொரு வருடமும் சொல்கிறான். ஜெயித்திருப்போம், எனக்கும் தெரியும். அவன் சொல்லி முடித்துவிட்டு, நான் கேட்டேனா என்று பார்க்கக் கழுத்தை முழுசாக என் பக்கம் திருப்புவான். சாகும் வரைக்கும் திட்டட்டும் என்று இருக்கும் எனக்கு.