கறுப்புக் கட்டம்

என் தகரப் பெட்டியின் அடியில் நாலாக மடித்த ஒரு ஃபுல்ஸ்கேப் தாள் இருக்கிறது. ஒரு மூலையில் வெல்லம் ஒட்டிப் பழுப்பேறியிருக்கும். நடுவில் கையகலத்துக்கு ஒரு கறுப்புக் கட்டம், சாவுக் கடிதாசியில் போடுவார்களே, அது மாதிரி. கட்டத்துக்குள் ஓர் எழுத்தும் கிடையாது. இதை எனக்குக் கொடுத்தவரை நாங்கள் ஸ்டோர் சார் என்று கூப்பிட்டோம்.

எழுபதுகளின் நடுவில் காக்களூர் தொழிற்பேட்டையில் போல்ட்டு நட்டு செய்யும் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். மணவாள நகரிலிருந்து சைக்கிளில் போவேன். ஸ்டோர் சார் திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. மெஷின் எண்ணெய்க்கு நடுவில் நாள் முழுக்க நின்றாலும் நெற்றியில் திருமண் கலையாது. ஸ்டோர் ரூம் சாவி, பேப்பர் கட்டு, டைப் அடித்த ஸ்டென்சிலை உருளையில் சுற்றிப் பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின் எல்லாம் அவர் பொறுப்பு. ரயில்வே பிளாட்பாரத்தில் நான் எந்த வாலிபனை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதை அவர் எங்கிருந்தோ கவனித்திருக்கிறார். மறுநாள் ஸ்டென்சில் வாங்கப் போனபோது, “பயப்படாதேடா. நானும் அப்படித்தான்” என்றார். அதைக் கேட்கத்தான் இருபத்து மூன்று வருஷமாகக் காத்திருந்தேன் என்பது கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்று டைப் அடித்த கடிதங்களில் எத்தனை தப்பு என்று மானேஜரைத்தான் கேட்க வேண்டும்.

இன்று எங்களுக்கெல்லாம் கௌரவமான பெயர்கள் வந்துவிட்டன. அன்று எங்களிடம் வசவுகள் மட்டுமே இருந்தன, கூடவே ஒரு பத்திரிகையும் இருந்தது. மாதம் ஒரு தாள், இரண்டு பக்கம், ஸ்டோர் சாரும் நானும் கம்பெனி மெஷினிலேயே திருட்டுத்தனமாக ஓட்டியது. எந்த ஸ்டேஷன் போலீஸ்காரன் கை நீட்டுகிறான், கேள்வி கேட்காமல் ரவிக்கை தைத்துத் தரும் டெய்லர் எங்கே இருக்கிறார், யார் வீட்டைவிட்டு ஓடிவந்து எங்கே பத்திரமாக இருக்கிறார், இவைதாம் செய்தி. பாதிச் செய்தி அக்காவுடையது. அக்கா பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் ஆணாகப் பிறந்து, புடவை கட்டியதற்காக அடித்துத் துரத்தப்பட்டவர். கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். “நான் சொன்ன மாரியே எய்து தம்பி. நீ பாட்டுக்கு அயகா மாத்திக்கினு கீறே, அப்பால அது என் சேதி இல்ல” என்பார்.

அமாவாசைக்கு, நோய் தீர வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க ஊர்ப்பட்ட கூட்டம் வரும். அக்கா வெல்லம் விற்பவர்களோடு கூடையை வைத்து உட்காருவார். “பழைய வெல்லம் இருக்கா?” என்று கேட்பவருக்கு மட்டும் எங்கள் தாளில் மடித்த பொட்டலம். வெல்லம் குளத்துக்கு, காகிதம் இடுப்புக்கு. சாமிக்கும் இதில் பங்கு உண்டு என்று ஸ்டோர் சார் சிரிப்பார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டம் உண்டு. நம்மில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால் அந்தச் செய்தி அதற்குள் போகும். கீழே ‘வருந்துகிறோம்’ என்று ஒரு வரி. முதலில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஸ்டோர் சார் சிரிக்கவில்லை. அவருக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. “கட்டம் நமக்கு மட்டும் இல்லேடா. உள்ளே வந்து மாட்டிக்கற பொண்ணுக்கும் சேர்த்துத்தான்” என்றார். அதற்கு ஒரு விதியும் வைத்திருந்தார். யாருடைய செய்தியோ அவரே தன் வாயால் சொல்ல வேண்டும், அடுத்தவர் சொல்லிப் போடக்கூடாது.

ஐப்பசியில் என் அத்தை மகளை எனக்கு நிச்சயம் செய்தார்கள். தையில் கல்யாணம். நான் வாயைத் திறக்கவில்லை, வீட்டிலும் சரி, ஸ்டோர் ரூமிலும் சரி. பம்பாய்க்கு ஓடிப்போவது பற்றி யோசித்தேன், ரயில் கட்டணம்கூட விசாரித்தேன். அம்மா முகூர்த்தப் புடவை எடுத்துவந்து என் மடியில் விரித்துக் காட்டியபோது, நன்றாக இருக்கிறது என்றேன். நான் கோழை. இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதத் தாளை ஓட்டி முடித்த மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். நான் தனியாக ஒரு ஸ்டென்சிலை எடுத்தேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ‘நம்மில் ஒருவனுக்குத் தையில் திருமணம். வருந்துகிறோம்’ என்று அடித்தேன். பெயர் அடிக்கக் கை வரவில்லை. மெஷினில் ஏற்றி ஒரே ஒரு பிரதி எடுத்தேன், அச்சில் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். பார்த்ததும் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துக் கழிவறையில் போட்டுவிட்டு வந்தேன். ஸ்டென்சிலை உருளையிலேயே விட்டுவிட்டேன். வழக்கமாக அதை உரித்து எரிப்பது ஸ்டோர் சார் வேலை. என் கைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மூன்று மணிக்குப் பியூன் ஏதோ நோட்டீஸ் ஓட்டப் போனார். மை வருகிறதா என்று கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறார். என் கட்டத்தோடு வந்த தாள் நேராக மானேஜர் மேஜைக்குப் போனது. ஸ்டோர் ரூம் அலமாரியைத் திறந்தார்கள், அந்த மாதத் தாள்கள் சில கிடைத்தன. மானேஜர் இரண்டு பக்கத்தையும் படித்தார். அவர் முகம் போன போக்கை நான் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டைப் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

“யாருதுய்யா இது?” என்றார்.

ஸ்டோர் சார் கட்டத்தைப் படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்துப்போயிருப்பேன்.

“எல்லாம் நான் அடிச்சதுதான் சார்.”

“உமக்குத்தான் கல்யாணமாகி ஒரு மாமாங்கம் ஆச்சே. இது யாருக்கு?”

“எனக்குத்தான். அன்னிக்கே போட்டிருக்கணும். இப்பத்தான் முடிஞ்சது.”

சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு போனார். நான் என் நாற்காலிக்குத் திரும்பி, அவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை டைப் அடித்தேன். ஆமாம், நான்தான் அடித்தேன். அத்தோடு பத்திரிகை நின்றது. அடுத்த அமாவாசைக்கு அக்காவின் கூடையில் வெறும் வெல்லம். “நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் தம்பி” என்றார். பிறகு திருவள்ளூர்ப் பக்கமே வரவில்லை.

என் கல்யாணத்துக்கு ஸ்டோர் சார் வந்தார். வரிசையில் நின்று, மாலையும் கழுத்துமாக நின்ற எங்கள் முன்னால் வந்து, என் கையில் ஒரு வெல்லப் பொட்டலத்தை வைத்தார். அதை மடித்திருந்த தாளில், மெஷின் போய்விட்டதால் மையால் அவரே வரைந்த கட்டம். “உள்ளே நீயே எழுதிக்கோ” என்றார். பக்கத்தில் நின்றவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அதன் பிறகு நான் அவரைத் தேடிப் போகவில்லை. போக முகமில்லை.

இப்போது எங்களுக்கென்று செய்தித் தளமே நடத்துகிறார்கள். பெயரும் படமும் போட்டுச் சிரிக்கிறார்கள், பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. அதிலிருந்து ஒரு பிள்ளை இதை எழுதித் தரச் சொன்னான். பெயர் போடலாமா சார் என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எழுபத்தைந்து வயதிலும் அதே மடியில் அதே புடவை விரிந்து கிடக்கிறது.

போன வாரம் என் மனைவி பெட்டியைத் துடைக்க எடுத்தவள், தாளைப் பிரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஐம்பது வருஷத்தில் அவள் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

“அவரு எய்திக்கச் சொன்னாரே. இன்னுமா எய்தல?” என்றாள்.

அவள் கட்டத்தை ஒரு விரலால் சுற்றிவந்தாள்.

“நம்ம ரெண்டு பேரு பேரையும் எய்த எடம் கீதே” என்றாள்.