தெருமுனையில் நிறுத்திய வண்டி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கடைப் பலகையில் ‘இட்லி தோசை மாவு கிடைக்கும்’ என்று எழுதியதைத் தவிர நாலு வரி சேர்ந்தாற்போல எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசவே கூச்சப்படுகிறவன், எழுத உட்கார்ந்தது எனக்கே அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் படுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, ஆவி இதையெல்லாம் நான் ஒரு நாளும் நம்பினதில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவேன். இப்போது நான் சொல்லப்போவதில் பேய் எதுவும் கிடையாது, செத்துப்போனவர்களும் கிடையாது, நடந்ததும் சாயங்கால வெயிலில், ஆள் நடமாட்டம் உள்ள தெருவில். அதனால்தான் எனக்கு இது இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எனக்கு ஒரு சின்ன மாவுக் கடை. மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கம் சில மளிகைக் கடைகளுக்கும் மாவு போடுகிறேன். முன்பெல்லாம் ஒரு பழைய காரில்தான் போடுவேன். ஒரு மழையில் தெருத் தண்ணீர் எஞ்சினுக்குள் ஏறி அந்தக் கார் போய்ச் சேர்ந்தது. அப்போது எங்களிடம் மாவு வாங்குகிற, தரமணியில் வேலை பார்க்கிற ஒரு சார், குடும்பத்தோடு வெளிநாடு போகிறேன், இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று தன்னுடைய வண்டியை விட்டுவிட்டுப் போனார். முன்னால் இரண்டு சக்கரத்துக்கு நடுவில் பெரிய மரப்பெட்டி, பின்னால் சைக்கிள், அடியில் பேட்டரி. மிதித்தால் மோட்டார் கூடவே இழுக்கும். அந்த சார் அதில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். பெட்டிக்குள் உட்கார ஒரு பலகையும் பெல்ட்டும் உண்டு.

மாவு டப்பாக்களுக்கு அது காரைவிட வசதி. டீசல் வேண்டாம், நிறுத்த இடம் தேட வேண்டாம். என் மனைவி விஜயாவுக்கோ அந்த வண்டி என்றால் உயிர். அவளுக்குக் காரில் ஏறினால் வாந்தி வரும், ஆட்டோவின் குலுக்கலில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், முட்டி வலியால் பஸ் ஏறவும் முடியாது. இந்தப் பெட்டியில் கம்பளியை மடித்துப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், “காத்தோட்டமா கீதுங்க, கல்யாணப் பொண்ணு ஊர்கோலம் போறாப்ல கீது” என்பாள். அவள் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பதால் ரோட்டுச் சத்தத்தில் என்னோடு பேச முடியாது, அதனால் பெட்டியின் பக்கப் பலகையை விரலால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. பள்ளம், வேகத்தடை எல்லாம் என்னைவிட அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

எனக்குத்தான் மானம் போயிற்று. எங்கள் ஊரில் அந்த மாதிரி முன்னால் பாரம் வைத்த வண்டி என்றால் அது மீன் ஏற்றிப்போகிற மீன்பாடி வண்டிதான். பசங்கள் பின்னாலேயே ஓடிவந்து “நைனா, வஞ்சிரம் கீதா?” என்பார்கள். நான் ஹெல்மெட்டும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு சந்து சந்தாகப் போவேன். விஜயா ஒரு நாள் கேட்டாள், “யாருக்குப் பயந்துனு இப்டி மூஞ்சிய மூடிக்கிறீங்க? நான் இன்னா திருட்டுப் பொருளா?” என்று. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

விஜயாவுக்கு ஒரே அண்ணன். தி. நகரில் பாத்திரக் கடை, சொந்த வீடு, கார், டிரைவர். யாரோ அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் எனக்குப் போன் செய்து, “இன்னா மாப்ள, என் தங்கச்சிய மீன் கூடை மாதிரி பெட்டில வெச்சி தள்ளினு போறியாமே” என்று கேட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார். அதற்கப்புறம் பேச்சு நின்றுபோயிற்று. என் பெண் பவித்ராவின் நிச்சயதார்த்தத்துக்கும் அவர் வரவில்லை.

இப்போது கல்யாணம். தாய்மாமன் வந்து மாலை போடாமல், புடவை வைக்காமல் பெண்ணை மணையில் உட்காரவைக்க முடியாது, சம்பந்தி வீட்டில் ஒவ்வொருவராகக் கேட்பார்கள். அவருக்கு முறைப்படி பத்திரிகை வைக்க வேண்டும். முறை என்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய், அந்த வீட்டுப் பொம்பளைக்கு நம் வீட்டுப் பொம்பளை குங்குமம் இட்டு அழைக்க வேண்டும். விஜயா அன்று காலையிலிருந்தே தயார். பச்சைப் பட்டுப் புடவையை இஸ்திரி போட்டு நாற்காலி மேல் வைத்திருந்தாள்.

எனக்கோ, அவர் வீட்டு வாசலில், அந்தக் காருக்குப் பக்கத்தில், டிரைவர் பார்க்க, விஜயா பெட்டியிலிருந்து ஒரு காலை எடுத்து வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற காட்சியே கண்முன்னால் நின்றது. அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. கடைசியில் மத்தியானம் சாப்பிட்டபின் சொன்னேன். “விஜயா, பேட்டரி வீக்கா இருக்குது. மெட்ரோ வேலைக்காக ரோட்ட வேற சுத்தி வுட்டுருக்கான். ரெண்டு பேரு வெயிட்டு தாங்காது. நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன்.”

பேட்டரியில் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும், காலையில் சார்ஜ் போட்டவளே அவள்தான். ஆனால் அவள் சண்டை போடவில்லை. வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை, பிளாஸ்டிக் தாள் பிரிக்காத புதுக் குங்குமச் சிமிழ், எல்லாவற்றையும் பையில் வைத்துக் கொடுத்து, “அண்ணிக்கு நீங்க வெக்கக் கூடாது. சிமிழத் தொறந்து நீட்டுங்க, அவங்களே எடுத்துப்பாங்க” என்றாள். அப்புறம் போய் நைட்டியோடு வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

கிளம்பினேன். தெரு தாண்டும்போதே வண்டி கனத்தது. சக்கரத்தில் காற்று இல்லையோ என்று இறங்கி அமுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. மந்தைவெளி வேகத்தடைக்கு முன்னால் பலகையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கை தானாக பிரேக்கைப் பிடித்தது. பெட்டியின் கொக்கி ஆடுகிறது என்று நினைத்து அதை இறுக்கிக் கட்டினேன். ஆழ்வார்பேட்டையில் மறுபடி ஒரு தட்டு, கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளம். தேனாம்பேட்டை சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னா நைனா, அக்கா மூஞ்சிலயே வெயிலு அடிக்குது, ஒரு கொட குடுக்கக் கூடாதா?” என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். கிண்டல் செய்கிறவர் சிரிப்பார் இல்லையா, அவர் சிரிக்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

மச்சான் வீட்டுக்கு முந்தின தெருமுனையில், ஒரு இஸ்திரி வண்டியின் மறைவில் என் வண்டியை நிறுத்திப் பூட்டினேன். மாஸ்க்கைக் கழற்றி, தலை வாரிக்கொண்டு, பையோடு நடந்தேன். கொஞ்ச தூரம் போயிருப்பேன். பின்னால் பலகையில் இரண்டு தட்டு கேட்டது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வேறு எதோடும் அதைக் குழப்பிக்கொள்ள மாட்டேன். நில் என்று அர்த்தம். நான் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. இன்னும் வேகமாகத்தான் நடந்தேன்.

மச்சான் உட்காரச் சொன்னார், டிரைவரிடம் சொல்லி காபி வாங்கிவரச் செய்தார். “விஜி எங்க?” என்றார்.

“முட்டி வலி மச்சான். வீட்ல இருக்குது.”

“கூடப் பொறந்தவ வராம பத்திரிகைய வாங்கி நான் இன்னா பண்றது? அப்டி வெச்சிட்டுப் போ” என்று மேஜையைக் காட்டினார். நான் பத்திரிகையை மேஜையில் வைத்தேன். அவர் அதைக் கையால் தொடவில்லை. வீட்டுக்குப் போய் விஜயாவிடம் என்ன சொல்வது, பவித்ராவிடம் என்ன சொல்வது என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பை என் மடியில்தான் இருந்தது.

அப்போது மச்சான் மனைவி டெய்லர் கடையிலிருந்து திரும்பி வந்தார். நெற்றியில் பளிச்சென்று புதுக் குங்குமம். மூக்கின் மேல்கூடக் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “இன்னாண்ணா இது, நல்லாவா கீது? விஜயாவ முனையில வண்டிலயே உக்கார வெச்சிட்டு நீங்க மட்டும் உள்ள வந்து காபி குடிச்சினு கீறீங்க?” என்றார்.

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“வா உள்ளன்னா வர மாட்டேங்குறா. பச்சப் பட்டு கட்டினு அம்சமா உக்காந்துனு கீறா. ‘கிட்ட வாங்க அண்ணி’ன்னு கூப்ட்டு குங்குமம் வெச்சா. ‘அண்ணன கல்யாணத்துக்கு வரச் சொல்லுங்க’ன்னா. கண்ணுல தண்ணி. சண்டையா உங்களுக்குள்ள?”

மச்சான் எழுந்தார். “வீட்ல இருக்குதுன்னு சொன்ன?” என்று என்னைக் கேட்டார். அவர் செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினார், நானும் பின்னாலேயே போனேன். பெட்டி காலி. மடித்த கம்பளி நடுவில், இவ்வளவு நேரம் யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல அமுங்கிக் கிடந்தது. மச்சான் “விஜி, விஜி” என்று தெருவின் இரண்டு பக்கமும் கூப்பிட்டார். போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை.

“கோச்சிக்கினு ஆட்டோல போயிட்டா” என்றார். அப்புறம் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பெட்டியின் விளிம்பைக் கையால் தடவினார். “நான் போன்ல சொன்னது தப்பு மாப்ள. கோவத்துல சொல்லிட்டேன். அதுக்காக நீ அவள இங்க ஒளிச்சு வெப்பியா? என் வாசல்ல வந்து எறங்க அவளுக்கு உரிம இல்லியா?”

நான் ஒளித்து வைக்கவில்லை, அவள் வரவே இல்லை என்று சொல்லலாம். அதுதான் உண்மை. ஆனால் அதைச் சொன்னால் என்ன ஆகும்? தங்கச்சி அழைக்காத பத்திரிகை என்று அவர் மறுபடி மேஜையைக் காட்டுவார். அவள் தெருமுனைவரை வந்தாள் என்பதில்தான் இப்போது எல்லாம் நின்றது. அதனால் செய்யாத காரியத்துக்குத் தலை குனிந்து நின்றேன். செய்யாதது என்றும் முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. இஸ்திரி போடுகிறவர் துணியை வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் போய் மச்சான் பத்திரிகையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். “அவ வந்து கூப்ட்டா. நான் வரேன். உனக்காக இல்ல” என்றார்.

திரும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. வண்டி அதே கனம். மந்தைவெளி வேகத்தடைக்கு முன்னால் ஒரு தட்டு விழுந்தது. நான் கொக்கியைப் பார்க்கவில்லை. மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினேன்.

வாசலிலேயே பவித்ரா பிடித்துக்கொண்டாள். “அப்பா, நீ போனதுலேர்ந்து அம்மா அப்டியே உக்காந்துனு கீது. டீ குடுத்தா வாங்கல. மாமா போன் அடிக்கிறாரு, போனக் கையில வெச்சினு பாத்துனே கீது, எடுக்கல. உடம்பு சரியில்லயான்னு கேளு.”

விஜயா அதே நைட்டியில், அதே நாற்காலியில் இருந்தாள். பச்சைப் பட்டு மடிப்புக் கலையாமல் பக்கத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் தூங்கி எழுந்தவள் போல முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பேட்டரி தாங்குச்சா?” என்றாள்.

“தாங்குச்சு.”

“ரெண்டு பேருக்கும் தாங்கும்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்து பையை வாங்கினாள். சிமிழை வெளியே எடுத்தாள். அதன் பிளாஸ்டிக் தாள் பிரிக்கவே இல்லை, அப்படியேதான் இருந்தது. அதைப் பிடித்திருந்த அவள் மோதிர விரல் நுனி சிவப்பாக இருந்தது. விளக்கேற்றும்போது பட்டிருக்கும் என்று நினைத்தேன். பூஜை அலமாரியைப் பார்த்தேன். அன்று இன்னும் விளக்கு ஏற்றவில்லை.

மச்சான் மனைவி கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கலாம், வேறு யாரையோ பார்த்திருக்கலாம், வெயிலில் எனக்கே தலை கிறுகிறுத்திருக்கலாம். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். விஜயாவிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால், அந்த இரண்டு தட்டு தட்டியபோது ஏன் நிற்கவில்லை என்று அவள் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று பயம்.

மறுநாள் அவளைப் பெட்டியில் உட்காரவைத்து அதே வழியில் தி. நகர் போனேன். மாஸ்க் போடவில்லை. மச்சான் வாசலில், காருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவரே வந்து கை கொடுத்து இறக்கினார். சிமிழைப் பிரித்து விஜயா அண்ணிக்குக் குங்குமம் வைத்தாள். “நேத்துதான வெச்ச, இதே புடவையிலதான வந்த, மறுபடி எதுக்கு?” என்று அண்ணி சிரித்தார். விஜயா சிமிழை மூடிப் பையில் வைத்தாள். வண்டியில் வழக்கமாக அவ்வளவு தூரம் நான் தனியாகப் போய்வந்தால் பேட்டரி மீட்டரில் ஒரு கோடு குறையும், விஜயாவோடு போனால் இரண்டு. வீடு திரும்பியதும் பார்த்தேன். இரண்டு கோடு குறைந்திருந்தது. முந்தின நாளும் இரண்டுதான் குறைந்திருந்தது.