நோரீனின் கரி அடுப்பு

நோரீன் முப்பது ஆண்டுகள் மான்செஸ்டரில் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, கால்வாயில் ஒரு நீளமான இரும்புப் படகை வாங்கிக் குடியேறினாள்.

"அந்தத் தகர டப்பாவுக்குள்ள போய்ச் சாகப்போறியா?" என்று தங்கை கேட்டாள்.

"உன் சமையலச் சாப்பிட்டே சாகல, இதுலயா சாவேன்?"

ஒன்பது குளிர்காலங்கள் படகின் சின்னக் கரி அடுப்பை நம்பியே கழிந்தன. பத்தாவது ஜனவரியில் கால்வாய் உறைந்தது. கதவடிக் காற்றுத்துளை வழியே குளிர் எலும்பைத் துளைத்தது. பழைய துண்டைச் சுருட்டி அதை அடைத்தாள். பேட்டரி தீர்ந்து ஓயாமல் கீச்சிட்ட, கரி அடுப்பின் மணமில்லாத விஷவாயு கசிந்தால் எச்சரிக்கும் அலாரத்தைக் கழற்றி வைத்துவிட்டாள். திங்கட்கிழமை பேட்டரி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

ஞாயிறு மதியம் தலை வலித்தது. ஜலதோஷமாக்கும் என்று இன்னும் கொஞ்சம் கரி போட்டாள். டீ போட எழுந்தவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அந்தச் சத்தம் கேட்டாலே ஓடிவரும் அவள் நாய் டாஃபி காதைக்கூட அசைக்கவில்லை.

அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். புகை இல்லை, நாற்றம் இல்லை. அலாரமும் இல்லை.

கதவை நோக்கி இரண்டடி வைத்ததுமே கால்கள் மடங்கின. தவழ்ந்து போய்த் தள்ளினாள். கதவின் விளிம்பில் பனி இறுகிக் கிடந்தது. கத்திப் பார்த்தாள், குரல் எழும்பவில்லை. பேசாமல் படுத்துவிடலாம் என்று தோன்றியது, சுகமாகவும் இருந்தது. அந்தச் சுகம்தான் அவளைக் குலைநடுங்க வைத்தது. கரி அள்ளும் கரண்டியை எட்டி எடுத்து ஜன்னலில் ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடியில் கண்ணாடி நொறுங்கியது.

பக்கத்துப் படகு கிளைவ் ஓடிவந்து கதவை உதைத்துத் திறந்தார்.

"நாய்... முதல்ல நாயி..."

"நாயும் வரும், நீ வா பேசாம!"

கரையில் டாஃபி இருமி, வாந்தியெடுத்து, தள்ளாடி எழுந்தது. நோரீன் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தாள்.

திரும்பியபோது கிளைவ் துண்டை எடுத்துவிட்டு, புகைக்குழாயைப் பாதி அடைத்திருந்த புகைக்கரியைச் சுரண்டி, புது அலாரமும் மாட்டியிருந்தார். ஆனால் அவள் அடுப்பைத் தொடவில்லை. மூன்று நாள் கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"வெறச்சுச் செத்துருவ, நோரீன்."

"பயமா இருக்கு, கிளைவ்."

"எனக்கும்தான். அடுப்பு அணைஞ்சு ஆறுற வரைக்கும் இங்கயே இருக்கேன். பத்த வை."

நான்கு தீக்குச்சிகள் அணைந்தன. ஐந்தாவது பற்றியது.

இப்போதும் அவள் அந்தப் படகில்தான் இருக்கிறாள். ஆனால் அடுப்பு முழுக்க அணைந்து ஆறிய பிறகுதான், நான்கு கம்பளிகளுக்குள் புகுந்து கண்ணை மூடுகிறாள்.