பென்சில் வீட்டில் இருக்கிறது

அந்தக் கழுதையைத் தெரியாத பிள்ளை அந்த ஊரில் கிடையாது. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, மூன்று கதைப் புத்தகங்களில் ஊர் சுற்றிய கழுதை. அதை வரைந்தவளைத்தான் யாருக்கும் தெரியாது. அட்டையில் கதை எழுதியவர் பெயர் இருந்தது, பதிப்பகத்தின் பெயர் இருந்தது, அச்சகத்தின் பெயர்கூடப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. படம் போட்டவள் பெயர் எங்கே? அவள் தெருப் பிள்ளைகள் மட்டும் அவளுக்கு 'கழுதை அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை. அந்தப் பெயரையாவது அட்டையில் போட்டிருக்கலாமே என்பதுதான் வருத்தம்.

தப்பு அவள் கையுடையது. பென்சில் கிடைத்துவிட்டால் அது சும்மா இருக்காது. ஆறு வருடத்துக்கு முன் பதிப்பக முதலாளி முதல்முறையாகக் கூப்பிட்டு, "பிள்ளைங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு கழுதை வேணும்மா" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், மேஜையில் கிடந்த பழைய தபால் உறையின் முதுகில் கழுதை எழுந்து நின்றுவிட்டது. "பிரமாதம்!" என்று அவர் உறையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சரக்கு அவர் பைக்குப் போன பிறகு என்னத்தைப் பேரம் பேசுவது? நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். மூன்று புத்தகம், அடிமாட்டு விலை. அட்டையில் பெயர் வருமா, கழுதை யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது நான்காவது புத்தகத்துக்குப் புது ஒப்பந்தம் வந்திருந்தது. பணம் பரவாயில்லை, நன்றாகவே ஏற்றியிருந்தார். ஐந்தாவது வரியில்தான் வயிறு எரிந்தது. கழுதை முழுக்க முழுக்கப் பதிப்பகத்துக்கே சொந்தம், இனி யாரை வைத்து வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம் என்றது அது. கையெழுத்துப் போட்டால் அவள் கழுதை அவளுடையது இல்லை.

அவள் கணவன் பஸ் ஓட்டுகிறவன். சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போடும் ஆயிரம் பேரைத் தினமும் பார்க்கிற மனுஷன். விடுமுறை நாளன்று சமையலறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "வாம்மா, என்ன விஷயம்?" என்று முதலாளியாகவே மாறிவிட்டான். மூன்று தடவை ஒத்திகை பார்த்தார்கள். மூன்று தடவையும் அவள்தான் கோட்டை விட்டாள்.

"ஏங்க, நீங்க யார் பக்கம்?" என்று எரிந்து விழுந்தாள்.

"இப்ப நான் முதலாளிம்மா. சரி, சும்மா ஒரு கோடு போட்டுக் காட்டு, பார்ப்போம்."

அவள் கை, கடைச் சாமான் பட்டியல் எழுத வைத்திருந்த பேனாவை எடுத்துவிட்டது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"உன் வியாதி இதுதான். அவர் கேட்டா, பென்சில் வீட்டுல இருக்குன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசிடாத."

மறுநாள் காலை பதினோரு மணி. முதலாளியின் அறை அச்சகத்துக்கு நேர் மேலே இருந்தது. கீழே இயந்திரம் ஓட ஓட மேஜையில் டீ டம்ளர்கள் கிலுகிலுத்தன. புத்தகக் கட்டு ஒன்றின்மேல் அவள் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

"ஐஞ்சாவது வரி வேண்டாம் சார். அட்டையில என் பேரும் வரணும்."

முதலாளி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அதெல்லாம் அப்புறம்மா. புதுக் கதையில கழுதை படகுல போகுது. எப்படி வரும்னு சும்மா ஒரு கோடு போட்டுக் காட்டு."

"பென்சில் வீட்டுல இருக்கு சார்."

அவர் தன் பேனாவைத் திறந்து நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள், வாங்கவில்லை. நீட்டிய கை எவ்வளவு நேரம்தான் நிற்கும்? பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அவள் முன் போட்டார். யாரோ வரைந்த கழுதை. அதே கண்ணாடி, அதே பை.

"ஆள் இல்லாம இல்லம்மா. நீ மாட்டேன்னா வேற கழுதை."

பெற்ற பிள்ளைக்கு யாரோ ஒருத்தி தலை சீவிவிட்டதுபோல இருந்தது அவளுக்கு. ஒரு இடத்தில் தப்பு இருந்தது, அது அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு கோடு. தொடைக்கு அடியில் விரல்கள் துடித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் அழுவாள், இல்லை திட்டுவாள் என்று முதலாளி எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்காததால் அவரே படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அழகாத்தான் போட்டிருக்கான். ஆனா நம்ம கழுதை மாதிரி இல்லையே. என்னம்மா குறையுது?"

"தெரியும் சார். அந்த வரியை அடிச்சப்புறம் சொல்றேன்."

கீழே இயந்திரம் நின்று மறுபடியும் ஓடத் தொடங்கியது. கடைசியில் அவர் பேனாவை எடுத்து ஐந்தாவது வரியை அடித்தார்.

"பேரு?"

"அட்டையில சார். கதை எழுதினவர் பேரு எந்த சைஸோ, அதே சைஸ்ல."

அதையும் எழுதினார். முதலில் அவர் கையெழுத்துப் போட்டார், பிறகு அவள்.

"இப்பவாவது சொல்லும்மா, மண்டை வெடிக்குது."

அவள் கைப்பையைத் திறந்து, நுனி கடித்த பென்சிலை எடுத்தாள்.

"வீட்டுல இருக்குன்னியே!"

"இப்ப வந்துருச்சு சார்."

மேஜையில் கிடந்த ஒரு தபால் உறையைத் திருப்பினாள். அரை நிமிடத்தில் கழுதை படகில் ஏறி உட்கார்ந்தது. ஒரு காது மட்டும் துடுப்புப் போடுகிறவன் பக்கம் திரும்பியிருந்தது.

"யார் பேசினாலும் என் கழுதைக்கு ஒரு காது அந்தப் பக்கம் திரும்பிடும் சார். அது எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்கும்."

முதலாளி நெடுநேரம் அதையே பார்த்தார். பிறகு பழைய பழக்கத்தில் உறையை மடித்துச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார்.

"ஒரு நிமிஷம் சார்."

அவர் கையிலிருந்து அதை வாங்கி, படகுக்குக் கீழே தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப வச்சுக்குங்க."