அண்ணனுக்காக ஒட்டிய லோரி

என் வாய்க்குப் பூட்டு கிடையாது. இது சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரிந்துவிட்டது. அண்ணன் தன் ராணுவ நாட்களைப் பற்றி அவர்களிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்து, “நீ என்னண்ணே சண்டையா போட்ட? லோரில அரிசி மூட்டைதானே ஏத்திட்டுப் போன?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். அண்ணனும் சிரித்தார். அதோடு என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டார்.

எட்டு மாதம். அவர் பட்டர்வொர்த்தில், நான் கடலுக்கு இந்தப் பக்கம் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நேருக்கு நேர் வந்தவர், எனக்குப் பின்னால் யாரையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டே கடந்து போனார். எனக்குச் சுரீரென்றது. இத்தனைக்கும் எனக்கென்று இருப்பது ஒரே ஒரு அண்ணன்.

எங்கள் குடும்பத்தில் யாரும் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க மாட்டோம். அதற்குப் பதில் சாப்பாடு அனுப்புவோம். நானும் ஆட்டுக்கறி பிரட்டி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் கழுவித் துடைத்து, வெறுமையாகத் திரும்பி வந்தது. எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமையாக அனுப்பவே மாட்டார்கள். நாலு முறுக்காவது உள்ளே கிடக்கும். புரிந்துவிட்டது.

ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும். நானா சொல்வேன்? என் மூளை வேறு வழி கண்டுபிடித்தது. ஆறு வருடமாக, பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளைச் சேர்த்துக் குட்டி டாங்கி, ஜீப் என்று ஒட்டுவதுதான் என் பொழுதுபோக்கு. சாப்பாட்டு மேசைக்கு என் வீட்டுக்காரர் ‘ஆர்மி கேம்ப்’ என்று பெயர் வைத்துவிட்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார். அந்த மேசையிலேயே, அண்ணன் பன்னிரண்டு வருடம் ஓட்டிய லோரியைச் சின்னதாகச் செய்து கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தேன்.

அந்த லோரியை எந்தக் கம்பெனியும் பெட்டியில் போட்டு விற்கவில்லை. அதனால் இரண்டு பெட்டி வாங்கினேன். ஒன்றிலிருந்து முன்பக்கம், இன்னொன்றிலிருந்து அடிச்சட்டமும் சக்கரங்களும் பின்தொட்டியும். இரண்டுமே நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்றுதான் பெட்டியில் போட்டிருந்தது. சேர்த்து வைத்துப் பார்த்தால், முன்பக்கம் ஒரு நகம் அளவு அகலமாகத் துருத்திக்கொண்டு நின்றது. அறுத்தேன், ராவினேன், அதிகமாக ராவிவிட்டு ஓட்டையை அடைத்தேன். ஒரு நாள் பின்சக்கரத்தோடு ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டேன். பின்னால் போடும் கித்தானுக்கு, டிஷ்யூ பேப்பரைப் பசைத் தண்ணீரில் நனைத்து மூடினேன். அண்ணன் பின்சக்கரத்தின் பக்கத்தில் கைகட்டி நிற்கும் பழைய போட்டோ ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பார்த்து வண்ணம் அடித்தேன். கடைசியாக ஒரு குட்டி ஆளுக்கு மீசை வரைந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தேன். அட, அண்ணனேதான். எனக்கே கண் கலங்கிவிட்டது.

நாலு மாதம் ஆனது. காலில் போடும் சப்பாத்து வந்த பெட்டியில் பஞ்சு வைத்து லோரியை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு அக்கரைக்குப் பெர்ரி ஏறினேன். பக்கத்தில் யாராவது தும்மினால்கூட முறைத்தேன்.

அண்ணன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“உள்ளுக்கு உக்காந்திருக்கிறது யாரு?” எட்டு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள்.

“நீதாண்ணே.”

“ஸ்டியரிங் எடது பக்கம் இருக்கு. நம்ம நாட்டு லோரில அங்க கெலிண்டான்தான் உக்காருவான்.”

கெலிண்டான் என்றால் லோரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போகும் எடுபிடி ஆள். குனிந்து பார்த்தேன். வெளிநாட்டு லோரியின் முன்பக்கம். ஸ்டியரிங் இடது பக்கம்தான். இருபது வருடமாக வலது பக்கம் உட்கார்ந்து காடி ஓட்டுகிறவள் நான். வெறும் லோரி டிரைவர் என்று சபையில் நான் கேலி செய்த அண்ணனை, சமாதானம் செய்ய வந்த இடத்தில் கெலிண்டானாக இறக்கியிருக்கிறேன்.

வெட்கப்பட வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். “நாலு மாசமா ஞாயித்துக்கிழமை எங்கயும் போவாம, கண்ணு வலிக்க ஒட்டியிருக்கேன். உனக்கு ஸ்டியரிங்தான் தெரியுதா?” என்று எகிறினேன்.

சமையலறையிலிருந்து அண்ணி வந்தார். “நீ ஞாயித்துக்கிழமை வீட்டுலதான் இருந்தியா? இவரு ஞாயிறு தவறாம உன்னைப் பாக்கப் போறேன்னு பெர்ரி வரைக்கும் போவாரு. ஒரு டீ குடிச்சிட்டு அப்படியே திரும்பி வந்துருவாரு. கேட்டா, ‘அவ வீட்டுல இருப்பாளோ என்னமோ’ம்பாரு.”

அண்ணன் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு ஞாயிறும் நான் வீட்டில்தான் இருந்தேன், அவருடைய லோரியை ஒட்டிக்கொண்டு. அதற்குமேல் எனக்கு எகிறத் தெரியவில்லை.

“தப்புதாண்ணே. அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது,” என்றேன். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணன் பேப்பரைக் கீழே இறக்கவில்லை.

“சம்பந்தி வீட்டு ஆளுங்க அத்தனை பேரு முன்னால,” என்றார். “எனக்கு ரொம்ப வலிச்சிச்சு புள்ள.”