மூணு தடவை கேக்கணும்

ஜெபமணி ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், சாப்பாட்டுப் பொட்டலத்தை உடனே நீட்டிவிட மாட்டாள். "என்னண்ணே, நல்லாருக்கீகளா? ராத்திரி தூங்குனீகளா?" என்று விசாரிப்பாள். அதற்கப்புறம்தான், "சாப்பாடு கொண்டாந்திருக்கேன், வைக்கட்டா?" என்பாள்.

"வேணாந்த்தா" என்று பதில் வரும்.

இரண்டாம் தடவை கேட்டால், "இப்பத்தான் டீ குடிச்சேன், வயிறு கிண்ணுன்னு இருக்கு" என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால், என்னமோ அவளுக்காகப் பாவம் பார்த்து ஒத்துக்கொள்கிற மாதிரி, "சரி சரி, அப்படி வச்சிட்டுப் போ" என்பார்கள். அவளும் சிரிக்காமல் தட்டில் போட்டு, செம்பில் தண்ணீர் மோந்து பக்கத்தில் வைத்துவிட்டு, மனசுக்குள் ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடப்பாள்.

ஓடைப்பட்டியில் அவளுக்குப் பதினாலு வீடு. எல்லாம் எழுந்து அடுப்புப் பற்றவைக்க முடியாமல் தனியாகக் கிடக்கிறவர்கள். பிள்ளைகள் திருப்பூரிலோ கேரளாவிலோ இருப்பார்கள். நல்ல மனசுக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற ஒரு சமையல்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாடு போகிறது. ஊர்க்காரர்கள் அதைச் சாப்பாட்டு ஆபீஸ் என்பார்கள். ஜெபமணி அங்கே வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். தினமும் சின்னமனூரிலிருந்து பத்து மணி பஸ்ஸில் வருவாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அஞ்சாவதோடு படிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் கர்த்தருக்குள் தூங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த முதல் வருஷம் இருந்ததையெல்லாம் மகனுக்கு ஆக்கிவைத்துவிட்டு, வெறுங்கையோடு ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்குப் பழம் பறிக்க வருவாள். அங்கே சின்னக்கருப்பு என்கிறவர்தான் கவாத்துக்காரர். கொடியில் எதை வெட்டணும், எந்தக் கணுவை விடணும் என்று பார்த்துப் பார்த்து வெட்டுவார். மத்தியானம் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்ததும், "இந்தாத்தா, ரெண்டு வாய் சாப்பிடு" என்பார்.

"வேணாண்ணே."

மறுபடி கேட்பார். "பசிக்கலண்ணே" என்பாள். மூன்றாம் தடவை கேட்கும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார். கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வாளி மூடியில் சோற்றை அள்ளி வைத்து அவள் பக்கம் தள்ளிவிடுவார். அப்படித் தள்ளினதால்தான் அவளால் எடுத்துச் சாப்பிட முடிந்தது.

அந்தச் சின்னக்கருப்புதான் இப்போது இடுப்பு முறிந்து கம்பை ஊன்றிக்கொண்டு, டீக்கடைக்கு எதிர்வீட்டில் ஒண்டியாகக் கிடக்கிறார். ஜெபமணியின் பதினாலாவது வீடு அது.

வைகாசியில் சமையல்கூடத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து மதன்குமார் என்று ஒருவர் வந்தார். மோட்டார் கம்பெனியில் பெரிய வேலை பார்த்தவராம். வேலையைச் சிக்கனமாகவும் சுருக்காகவும் செய்கிற முறை ஒன்று இருக்கிறது, அதன் பேர் லீன், அதைத் தர்ம காரியத்திலும் பண்ணலாம் என்றார். ஜெபமணிக்கு அது 'வீண்' என்று காதில் விழுந்தது. அவரும் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகளை ஒட்டி, இது வீண், அது வீண் என்றே சொல்லிக்கொண்டிருந்ததால், ஒரு வாரம் வரைக்கும் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க திராட்சையில கவாத்து பண்றீங்கல்லங்க, அதே மாதிரிதானுங்க" என்றார் மதன்குமார். "வேண்டாததை வெட்டுனா காய்ப்பு கூடும்."

மனுஷர் கெட்டவர் இல்லை. அவர் வந்த பிறகு அரிசிப் பானை அடுப்புக்குப் பக்கத்தில் வந்தது. ஒன்றரை மணிக்குப் போன சோறு பன்னிரண்டரைக்கே போனது. பொட்டலம் ஒழுகவில்லை. ஜெபமணி போகிற வழியைக் காகிதத்தில் வரைந்து பார்த்து, ஒரே தெருவில் மூன்று தடவை நடக்கிறீர்களே அம்மா என்று மாற்றிக் கொடுத்தார். முழங்கால் வலி பாதி குறைந்தது. அவருக்காகவும் அவள் ஜெபம் பண்ணினாள்.

ஆனால் ஒவ்வொரு நாளும் எல்லாத் தெருவிலும் சேர்த்து ஆறேழு பொட்டலம் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பார். சோறு கெட்டுப்போய்க் குழியில் கொட்டுவார்கள். இன்னொரு பக்கம் சாப்பாடு கேட்டுக் காத்திருக்கிறவர்கள் பட்டியலில் பத்தொன்பது பேர். இதைச் சரிபண்ணவேண்டும் என்று மதன்குமார் ஒருநாள் போனில் நேரம் வைத்துக்கொண்டு ஜெபமணி கூடவே பதினாலு வீடும் நடந்தார்.

"ஏனுங்கம்மா, ஒரு வீட்டுல இவ்வளவு நேரம் ஆகுது? அவரு வேண்டாம்னுதான சொன்னாரு. அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாமில்லங்க?"

"சார், எங்க ஊர்ல வேணாம்னா வேணாம்னு அர்த்தம் இல்ல சார்."

"பின்ன?"

"இன்னொரு தடவ கேளுன்னு அர்த்தம்."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் நோட்டை எடுத்து அக்கறையாக எழுதிக்கொண்டார். "எத்தனை தடவைங்க கேக்கணும்?"

"மூணு தடவ கேட்டா சொல்லிருவாக சார்" என்றாள் ஜெபமணி. நம்மையும் ஒரு படித்த மனுஷர் கேட்டு எழுதுகிறாரே என்று அவளுக்கு அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆனி முடிவில் அட்டை வந்தது. வீட்டுக்கு ஒன்று. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. சாப்பாடு வேணும் என்றால் காலையில் பச்சை தெரிய வைக்கணும், வேண்டாம் என்றால் சிவப்பு. ஒன்பது மணிக்குள் சமையல்கூடத்துப் பையன் பாண்டீஸ்வரன் வண்டியில் தெருத்தெருவாகப் போய் எண்ணிக்கொண்டு வருவான். எத்தனை பச்சையோ அத்தனை பொட்டலம்தான், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆடிக்காற்று இந்தப் பக்கம் ஆளையே தள்ளும் என்பதால், அட்டை தானாகத் திரும்பாமல் இருக்க மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி அடித்து இரண்டிலும் மாட்டச் சொல்லியிருந்தார் மதன்குமார். எதையும் யோசிக்காமல் விடுகிறவர் இல்லை.

சமையல்கூடத்தைக் கவனித்துக்கொள்கிற ஜாய்ஸ் மிஸ் எல்லோரையும் உட்காரவைத்து விவரம் சொன்னாள். "மூணு நாள் தொடர்ந்து சிவப்புன்னா, அவுகளுக்குத் தேவையில்லைன்னு எடுத்துக்கிட்டு, காத்திருக்கிற அடுத்த ஆளுக்குக் குடுப்போம். இது நம்ம ஜெபமணியக்கா சொன்ன யோசனைதான். மூணு தடவ கேக்கணும்னாங்கள்ல, அதான் மூணு நாள்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜெபமணிக்கு எங்கோ சுருக்கென்றது. 

முதல் நாள் பாண்டீஸ்வரன் கொண்டுவந்த கணக்கில் சின்னக்கருப்பு வீடு சிவப்பு. அவள் மற்ற வீடுகளை முடித்துக்கொண்டு வெறும் பையோடு அங்கே ஓடினாள்.

"என்னண்ணே, சிவப்ப வச்சிருக்கீக?"

"ஆமா. வேணாம்னுதான் வச்சேன்" என்றார் அவர். கம்பைத் தரையில் தட்டி, "கேப்பாகன்னு பாத்தேன். அந்தப் பய வண்டிய நிறுத்தாமயே போய்ட்டானே" என்றார்.

"அட்டை கேக்காதுண்ணே. நீங்கதான் பச்சைய வைக்கணும்."

"எதுக்க டீக்கடை. எம்புட்டு வருசம் கவாத்துக் கத்தியோட அந்த வழியாப் போயிருக்கேன், எத்தனை பேருக்கு டீ வாங்கிக் குடுத்திருக்கேன். நானா வாசல்ல சோறு வேணும்னு போர்டு மாட்டிக்கிட்டு உக்காரச் சொல்றியா?"

"எல்லா வீட்டுலயும் மாட்டிருக்குண்ணே. இதுல என்ன இருக்கு?"

"அவுக மாட்டட்டும்."

அவள் தானே கழற்றிப் பச்சையாக மாட்டிவிட்டு வந்தாள். அவர் தடுக்கவில்லை. சம்மதம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் சிவப்பு. டீக்கடையில் நின்ற ஒருவன், "என்ன கருப்பு, பச்சைக்கொடி காட்டிட்ட? ரயில் எப்ப வருது?" என்று கேட்டுவிட்டானாம். அவர் கம்பை ஊன்றி எழுந்து வந்து திருப்பிவிட்டார். அன்றைக்கு ஜெபமணி தனக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன்பாக்ஸை அவர் முன்னால் வைத்தாள். அவர் மூடியைப் பார்த்தார்.

"இது உன் சோறுல்ல?"

"ஆபீஸ் சோறுதாண்ணே."

"பொய் சொல்லாத. உன் பேரு அதுல வெட்டியிருக்கு." டிபன்பாக்ஸை அவள் பக்கம் தள்ளினார். "அங்கன தர்றது பொதுச் சோறு. பத்துப் பேரோட பதினோராவதா நானும் தின்னேன். உன் வாயில இருந்து பிடுங்கி நான் திங்கவா?"

"சாப்பிடுங்கண்ணே."

"வேணாம்."

"ரெண்டு வாய்ண்ணே."

"வேணாம்னா வேணாந்தான்."

மூன்றாம் தடவையும் கேட்டாள், நான்காம் தடவையும் கேட்டாள். எத்தனையோ வேணாம் கேட்டுப் பழகியவள் அவள். இது நிஜமான வேணாம் என்று தெரிந்தது. எதிர்க்கடையிலிருந்து நாலு இட்லி வாங்கிவந்து வைத்தும் தொடவில்லை. ரேஷன் அரிசியை ஊறவைத்து மென்றுகொள்கிறேன், பல்லு நல்லாத்தான் இருக்கு என்று சிரித்தார்.

அவள் ஜாய்ஸ் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னாள். மிஸ் அங்கேயே மதன்குமாருக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்தாள். ஜெபமணி சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குப் புரியுதுங்கம்மா. ஆனா ஒருத்தருக்காக நாம அட்டையைத் திருப்புனா, நாளைக்கு எந்தப் பச்சை நிஜம், எந்தப் பச்சை நாம வச்சதுன்னு தெரியாது. மறுபடியும் சோறு குழிக்குப் போகும். அந்தப் பத்தொன்பது பேரு பட்டினி கிடப்பாங்க. நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணலாம்?"

 அவர் சொன்னதில் பிழையே இல்லை. பிழை இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நாமளா வாயைக் குடுத்தோமே, ஆண்டவரே, மூணுன்னு நாமதான சொன்னோம் என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கம்பை ஊன்றி எந்திரிச்சுப் பத்து அடி நடந்து அட்டையைத் திருப்புகிற மனுஷரின் வெட்கத்தை எந்த நிறத்தில் எழுதுவது?  சரிங்க சார் என்றாள்.

மூன்றாம் நாளும் சிவப்பு.

நான்காம் நாள் அவள் பையில் பழையபடி பதினாலு பொட்டலம் இருந்தது. பதினாலாவது, கண்மாய்க்கரைத் தெருவில் பூமாரி என்கிறவளுக்கு. சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஏழு மாசமாகப் பட்டியலில் காத்திருந்தவள். வாசலில் பச்சை அட்டையைக் கோலப்பொடி டப்பாவுக்கு மேலே அழகாக மாட்டியிருந்தாள். ஜெபமணி கேட்பதற்குள், "வையுங்கக்கா, வையுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள். முதல் வாய் வைக்கும்போதே அழுதுவிட்டாள். "காலையில இருந்து வழியவே பாத்துக்கிட்டிருந்தேங்க்கா." ஜெபமணி அவளுக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தாள். இந்தச் சோறு வேண்டாத இடத்துக்கு வந்திருக்கிறது என்று எந்த வாயால் சொல்வாள்?

திரும்பி வந்தபோது சமையல்கூடத்தில் பலகையில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டிருந்தார்கள். நாலு நாளாக ஒரு பொட்டலம்கூடத் திரும்பவில்லை. எல்லோரும் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். "அக்கா, சிரிங்கக்கா, இது உங்க யோசனை" என்றாள் ஜாய்ஸ் மிஸ். ஜெபமணி சிரித்தாள், கையும் தட்டினாள்.

பஸ்ஸுக்குப் போகிற வழி வேறு. புது வரைபடத்தில் டீக்கடைத் தெருவே இல்லை, பாண்டீஸ்வரனும் காலையில் அந்தப் பக்கம் போகிறதில்லை. ஆனால் கால் அங்கேதான் போனது.

தூரத்திலேயே தெரிந்தது. சின்னக்கருப்பு வாசலில் பச்சை.

மேல் ஆணியிலும் கீழ் ஆணியிலும் நேராக, அழுத்தி மாட்டியிருந்தது. அவர் நிலைப்படிக்குள்ளே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கழுவின தட்டு இருந்தது. செம்பில் தண்ணீரும் அவரே மோந்து வைத்திருந்தார். மணி மூன்றாகப் போகிறது. காலடிச் சத்தம் கேட்டுக் கேட்டு எத்தனை தடவை எட்டிப் பார்த்தாரோ.

"யாரு, ஜெபமணியா?" அவர் கண் முதலில் அவள் பைக்குத்தான் போனது. பை சுருண்டு கக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே..." என்றாள். பட்டியலில் இனி நீங்க பத்தொன்பதாவது ஆள் என்பதைச் சொல்லாமல் அட்டையைக் காட்டினாள். "அண்ணே, பச்சை வச்சிருக்கீக."

"நான் எங்க வச்சேன்? ஆடிக்காத்துத்தா. காத்துல திரும்பியிருக்கும்."

அவள் இரண்டு ஆணியையும் பார்த்தாள். காற்று ஓங்கி அடித்தது. தெருவில் ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்து போனது. அட்டை அசையவில்லை.

"சாப்பாடு வேணுமாண்ணே?" என்று கேட்டாள்.

"வேணாந்த்தா."

"என்னண்ணே, பசிக்கலையா?"

"இப்பத்தான் டீ குடிச்சேன்" என்றார். சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூன்றாம் தடவை கேட்பாள் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது.

 கேட்டு, அவர் சரி வச்சிட்டுப் போ என்று சொல்லிவிட்டால் வைப்பதற்கு அவளிடம் என்ன இருக்கிறது? சுருண்ட பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் பார்க்கிற பக்கமே தானும் பார்த்துக்கொண்டு நின்றாள்.