குமாரி கொடுத்த பால்

பாறசாலை தாண்டி, நெடுஞ்சாலை தமிழ்நாட்டுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், கிருஷ்ணன்குட்டியும் அவர் மனைவி குமாரியும் வாழைக்குலைக் கடை வைத்திருக்கிறார்கள். அவர் களியக்காவிளைச் சந்தைக்குப் போய்க் குலை எடுத்து வருவார். கடையில் நின்று விற்பது குமாரி. ஐம்பது வயதைத் தாண்டியவள். சத்தமாகப் பேசுவாள், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். பழம் கேட்டு வந்தவர்களுக்குப் பழத்தோடு ஊர் வர்த்தமானமும் கிடைக்கும். கொடுத்துப் பழகிய கை என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள்.

அவள் கொடுத்தவற்றில் பாலும் உண்டு. மூத்தவன் ஜெயன் பிறந்தபோது அவர்கள் கோட்டுகாலில் வாடகைக்கு இருந்தார்கள். ஒட்டுச்சுவருக்கு அந்தப்பக்கம் சுபைதா என்றொரு பெண். கணவன் சவுதியில் இருந்தான். பிரசவத்தோடு சுபைதாவுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டு, திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டில் நாத்தனார் கையில் விட்டுப்போன ஆண் குழந்தை பசியில் கதறியது. பவுடர் பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததையெல்லாம் கக்கியது. குமாரி யாருடைய சம்மதத்துக்கும் நிற்கவில்லை. போய்ப் பிள்ளையை வாங்கி, ஒரு பக்கம் ஜெயனையும் மறுபக்கம் அதையும் போட்டுக்கொண்டாள். பெயர் வைக்காத பிள்ளை, எல்லாரும் 'வாவாச்சி' என்றார்கள். சுபைதா எழுந்து நடமாடத் தொடங்கியதும் அந்தக் குடும்பம் வேறெங்கோ குடிபோய்விட்டது. குமாரியும் பிறகு எல்லைப்பக்கம் வந்துவிட்டாள்.

இங்கே வந்தபின் இளையவள் தன்யா பிறந்தாள். அதே வாரம் அடுத்த வீட்டு ஆபிதாவுக்கும் பெண் குழந்தை. ஆபிதாவுக்கு மார்பில் கட்டி வந்து பழுத்துவிட்டது. மறுபடியும் குமாரியின் மடியில் இரண்டு பிள்ளைகள். அந்தப் பெண்தான் சஜீனா. பேச்சு வந்த நாளிலிருந்து அவள் குமாரியை 'குமாரியம்மா' என்றுதான் அழைத்தாள். தெருவுக்கே தெரிந்த காரியம் அது.

சஜீனாவுக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து மாப்பிள்ளை வந்தான். அன்சில் என்று பேர், ஏசி பழுதுபார்க்கிற வேலை, அமைதியான பையன். தாய் சிறுவயதிலேயே மரித்து, சிற்றன்னை வளர்த்தவன். பெண் யாரிடம் பால் குடித்தாள் என்று பேச்சுவார்த்தையில் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆபிதா ஒளித்திருக்கமாட்டாள். நிக்காஹ் நன்றாக நடந்தது. குமாரி முன்வரிசையில் உட்கார்ந்து பிரியாணி தின்று, மணப்பெண்ணின் கன்னத்தை வழித்து முத்திவிட்டு வந்தாள்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுமணத் தம்பதியை அவள் விருந்துக்கு அழைத்தாள். மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் கறியும், பிறகு சோறு. அன்சில் வெட்கம் விட்டுச் சாப்பிட்டான். குமாரி இன்னும் ஒரு கரண்டி வைக்கப்போனபோது, அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"நீங்க வைக்கியதப் பாத்தா எனக்கு ஒரு காரியம் ஓர்மை வருது. நான் ஜனிச்சது கோட்டுகாலிலயாக்கும். உம்மா அப்ப ஆஸ்பத்திரியில. அடுத்த வீட்டுச் சேச்சி ஒருத்திதான் எனக்குப் பால் தந்து காப்பாத்தினதாம். மரிக்கது வரைக்கும் உம்மா அவங்கள சொல்லிட்டே இருப்பா. நானும் கொறெ அன்வேஷிச்சேன், தேடாத இடமில்ல. கிடைக்கல்ல."

குமாரியின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் விழுந்தது.

"உனக்க உம்மாக்க பேரு என்ன மக்கா?"

"சுபைதா."

"எனக்க தெய்வமே! எலே, அது நானாக்கும்! எனக்க வாவாச்சி!"

அவன் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, நெற்றியில் முத்தி, கிருஷ்ணன்குட்டியைக் கூவி அழைத்து, அழுது, சிரித்து, அப்புறம்தான் அவள் கவனித்தாள். மேசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. சஜீனாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அன்சில் மனைவியைப் பார்த்தான். பார்த்த கண்ணைச் சட்டென்று தாழ்த்திக்கொண்டான்.

"எந்தா? என்ன ஆச்சு? நான் வல்லதும் தப்பாச் சொன்னேனா?" என்று குமாரி கேட்டாள்.

சஜீனாதான் பதில் சொன்னாள். "ஒரே ஆளுக்க பால் குடிச்சவங்க கூடப்பிறப்பாக்கும் அம்மா. எங்கள்ல கூடப்பிறப்புக்கு நிக்காஹ் கூடாது."

அன்று மாலையே சஜீனா தாய்வீட்டில் தங்கிவிட்டாள். அன்சில் தனியே பைக்கில் நெய்யாற்றின்கரை போனான். விஷயம் ஜமாஅத்துக்குப் போகும் முன்பு, பள்ளிவாசல் உஸ்தாது இரு குடும்பத்தையும் ஆபிதா வீட்டுக்கு வரச் சொன்னார். குமாரியையும் விசாரிக்க வேண்டும் என்றார்.

அதற்கு முந்தைய நாள் ஆபிதா கடைக்கு வந்தாள். குலைகளுக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி நின்றுகொண்டாள்.

"குமாரி, எண்ணிக்கை உண்டு கேட்டியா. எங்க மதுஹபு சட்டப்படி அஞ்சு தடவையாவது வயிறு நிறையக் குடிச்சிருந்தாத்தான் அந்த பந்தம் வரும். ஒண்ணு ரெண்டு தடவைன்னா ஒண்ணும் இல்ல. அவனுக்கு ரெண்டு தடவதான் தந்தேன்னு சொல்லிரு. எனக்க பிள்ளைக்க வாழ்க்கையாக்கும்."

ஆபிதா போனபின் கிருஷ்ணன்குட்டி சொன்னார்: "சொன்னா என்ன? நம்ம தெய்வத்துக்கு இதில காரியம் இல்ல. நாம கண்டதும் இல்ல, கேட்டதும் இல்ல."

அது பொய்தான். ஆனால் ஒரு குடும்பத்தை வாழவைக்கிற பொய்யாயிற்றே என்று குமாரிக்கும் தோன்றியது. கோயிலில் நின்று கேட்டுப் பார்த்தாள். அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டுத் திரும்பினாள். அடுத்த நாள் கடை திறக்கும்போது சஜீனா வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"உம்மா வந்திருப்பா. எனக்குத் தெரியும்."

"வந்தா மக்கா."

"எனக்கு வேண்டி பொய் சொல்லிராதீங்கம்மா. அவருக்கும் உண்மதான் வேணும், போன்ல சொன்னாரு. பொய்யில கூடி வாழ்ந்தா, அவருக்க முகத்த பாக்கும்போதெல்லாம் நான் அந்தப் பொய்யத்தான் பாப்பேன். அதவிட..." குமாரி அவளைக் கட்டிக்கொண்டாள்.

உஸ்தாது இளைஞர். தாடியில் ஒரு நரைகூட இல்லை. குமாரியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் தானும் உட்கார்ந்தார். அன்சிலின் அத்தையும் வந்திருந்தாள். குமாரியை இத்தனை வருஷம் கழித்துப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். கோட்டுகாலில் பிள்ளையை எடுத்துக் கொடுத்த நாத்தனார் அவள்தான். கல்யாண மண்டபத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உண்டிருக்கிறார்கள், அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, பேடிக்கண்டாம், பயமே வேண்டாம்," என்றார் உஸ்தாது. "நீங்க சொன்னதுனால மட்டும் இந்த நிக்காஹ முறிக்க சட்டம் இல்ல. அதுக்கு வேற சாட்சியும் வேணும். ஆனா மாப்பிள்ளையே உங்க வார்த்தைய நம்பி ஏத்துக்கிட்டா, பின்ன அது நிலைக்காது. எத்தன தடவ பால் குடுத்தீங்க, ஓர்மை உண்டா?"

குமாரி அன்சிலைப் பார்த்தாள். கோட்டுகால் வீட்டில், இந்த முகம் அவள் கையில் ஒரு தேங்காய் அளவுதான் இருந்தது.

"எண்ணிப் பாத்துப் பால் குடுக்க அம்மை உண்டா உஸ்தாதே? அஞ்சுமில்ல, அம்பதுமில்ல. சுபைதா திரும்பி வாறது வரைக்கும் இந்தப் பிள்ளைக்கு வேற ஆகாரமே கிடையாது. ராத்திரியும் பகலும் என்கிட்டத்தான். இவளுக்கும் அதேபோலத்தான்."

அத்தை தலையசைத்தாள். ஆபிதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் நம்புறேன்," என்றான் அன்சில். அவ்வளவுதான் சொன்னான்.

தலாக் என்ற சொல் அங்கே வரவில்லை. அது தேவையில்லை என்று உஸ்தாது விளக்கினார். அறியாமல் நடந்ததால் யார்மேலும் பாவம் இல்லை, மாப்பிள்ளை கொடுத்த மஹர் பணம் பெண்ணுக்கே உரியது, மறுமணத்துக்கு முன் அவள் இத்தாக் காலம் காத்திருக்கவேண்டும், இனி இருவரும் பிரிந்துவிட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்: "தலாக் ஆனவங்க அந்நியராயிருவாங்க. நீங்க அந்நியரில்ல. இந்த வீட்டுக்கு அன்சில் எப்ப வேணுமானாலும் வரலாம். கூடப்பிறப்பாயிட்டு."

ஆறுதலாகத்தான் சொன்னார். கேட்ட இருவருக்கும் அது எத்தனை கொடுமையாக இருந்தது என்று குமாரி அவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அன்சில் எழுந்து போனான். வாசலில் செருப்பை மாட்டும்போது கால் மாறிப்போய், இரண்டு தடவை கழற்றி மாட்டினான்.

பிறகு அவன் அந்த வீட்டுக்கு வரவில்லை. சட்டம் ஒரே பேச்சில் மனைவியைச் சகோதரி ஆக்கிவிடும். மனசு அந்த வேகத்தில் வராது. ஆபிதா பல மாதம் குமாரியோடு பேசவில்லை. மீன்காரன் வந்தால்கூட, குமாரி வாங்கி உள்ளே போனபிறகுதான் வெளியே வருவாள். கடைக்கு வருகிறவர்களிலும் சிலர் வாய்விட்டுச் சொன்னார்கள்: வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் இல்லியா குமாரி? அவள் குலையைத் திருப்பிக் கட்டிக்கொண்டே, "இருந்திருக்கலாம்," என்பாள். அவளுடைய சத்தமான சிரிப்பு குறைந்தது. கைக்குழந்தையோடு யாராவது பழம் வாங்க வந்தால், முன்பு கன்னத்தைக் கிள்ளாமல் விடமாட்டாள். இப்போது பழத்தை நீட்டிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

சஜீனா இத்தா முடிந்ததும் பாறசாலையில் ஒரு மருத்துவ லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். வேறு மாப்பிள்ளை பார்க்க வாப்பாவும் உம்மாவும் இரண்டு முறை பேச்செடுத்தார்கள். இப்போது வேண்டாம் என்றுவிட்டாள்.

இந்த வருஷம் பங்குனி வெயிலில் குமாரி கடையில் மயங்கி விழுந்தாள். பித்தப்பையில் கல், அறுவை செய்யவேண்டும் என்று நெய்யாற்றின்கரையில் சேர்த்தார்கள். ஜெயன் துபாயில், தன்யா பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் நாள் சஜீனா லீவு போட்டு வந்து கூட இருந்தாள். மறுநாள் காலை அறுவைக்குக் கொண்டுபோகும் முன், கதவு திறந்து அன்சில் வந்தான். ஜெயன் போனில் சொன்னானாம்.

ஒன்றரை வருஷத்துக்குப் பின் இருவரும் ஒரே அறையில் நின்றார்கள். சஜீனா அனிச்சையாகத் தலைத்துணியை இழுத்துவிட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். கூடப்பிறந்தவன் முன்னால் அதற்கு அவசியமில்லை என்று நினைவு வந்திருக்க வேண்டும்.

குமாரி கட்டிலிலிருந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மக்களே, என்னை மன்னிச்சிருங்க," என்றாள்.

"நீங்க பால் தரலேன்னா நான் இல்லையே அம்மா," என்றான் அன்சில். "பின்ன எதுக்கு மன்னிப்பு?"

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூட ஆள் யார், கையொப்பம் யார் போடுவது என்று நர்ஸ் கேட்டாள். கிருஷ்ணன்குட்டி மருந்து வாங்கப் போயிருந்தார்.

"பிள்ளைங்க நாங்க உண்டு," என்றாள் சஜீனா. அன்சிலைத் திரும்பிப் பார்த்து, அவர்கள் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற சொல்லால் கூப்பிட்டாள்: "காக்கா, நீங்க போடுங்க."

அவன் பேனாவை வாங்கினான். குனிந்து கையொப்பம் போட்டான்.